ஒருவர் படுக்க, இருவர் அமர, மூவர் நிற்க

திருக்கோவிலூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் 2021 ஆகஸ்டில் நான் ஆரம்பித்த தாய்ச்சி வகுப்பு மொத்தம் 19 நாட்கள் நடந்தது. கொரோனா இரண்டாம் அலை அடங்கியிருந்த நேரம். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று அலுவலகம் சொல்லிவிட்டதால் பெங்களூர் அறையைக் காலி செய்துவிட்டு ஊரில் இருந்தேன். பெங்களூரில் கழுத்துவலிக்காகப் போய்ச் சேர்ந்து, வலி போன பிறகும் விடாமல் நாலு வருஷம் கற்றுக்கொண்டது தாய்ச்சி. “உனக்குத் தெரிஞ்சத எங்களுக்கும் சொல்லிக் குடேன்டா” என்று அம்மாதான் கேட்டாள். பெயரைக் கேட்டு முதலில் சிரித்தாள். பிள்ளைகள் விளையாட்டில் வரும் ‘தாச்சி’தான் அவளுக்குத் தெரியும்.

பதினோரு பேர் வந்தார்கள். மூட்டுவலிக்கார அம்மா, அவள் சிநேகிதியான எதிர்வீட்டு அக்கா, இருபது வருடமாக யோகா செய்யும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கரும்பு லாரி ஓட்டி இடுப்பைக் கெடுத்துக்கொண்ட சித்தப்பா, இரண்டு கல்லூரிப் பையன்கள், சிலம்பம் கற்கும் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, இன்னும் சிலர். பார்த்தவுடன் எனக்குள் இருந்த சாஃப்ட்வேர்க்காரன் விழித்துக்கொண்டான். ஒரு எக்செல் ஷீட் போட்டேன். ஒற்றைக்காலில் எத்தனை வினாடி நிற்க முடிகிறது, முட்டி எவ்வளவு மடங்குகிறது, இதற்கு முன் என்ன பழக்கம் என்று ஆளுக்கு மதிப்பெண் கொடுத்து தொடக்கநிலை, இடைநிலை, மேல்நிலை என்று மூன்று பேட்ச் பிரித்தேன். காலை ஐந்தரைக்கு ஒன்று, ஆறே காலுக்கு ஒன்று, ஏழுக்கு ஒன்று.

மூன்றாவது வாரம் மேல்நிலையில் தலைமையாசிரியர் மட்டும் நின்றார். தொடக்கநிலையில் யாருமே இல்லை. “எங்கள எல்லாம் ஒண்ணாங்கிளாஸ்ல உக்கார வெச்சுட்ட. நாங்க எப்படிச் செய்யணும்னு பாக்கறதுக்குக்கூட ஒரு ஆள் இல்ல அங்க” என்றாள் அம்மா. இன்னொரு காரணத்தையும் சொன்னாள். அவள் காலையில் எழுந்து மாடியேறியது எதிர்வீட்டு அக்காவோடு பேசிக்கொண்டே வரலாம் என்றுதான். அக்காவை நான் இடைநிலையில் போட்டிருந்தேன்.

வகுப்பு என்ற சொல்லுக்குள்ளேயே வகுத்தல் இருக்கிறது. வகுக்காமல் எப்படிக் கற்றுத்தருவது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்தான் என்னை அவளுடைய சிலம்ப வாத்தியாரிடம் அழைத்துப்போனாள். தென்பெண்ணைக் கரையில், கபிலர் குன்று கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், மாலை ஐந்து மணிக்கு மண்தரையில் பிள்ளைகள் கூடுவார்கள். ஏழு வயதிலிருந்து கல்லூரி முடித்தவர்கள் வரை நாற்பது பேர் இருக்கும், வாத்தியார் ஒருவர். பேட்ச் எதுவும் கிடையாது. எல்லோரும் மண்ணைத் தொட்டு வணங்கிவிட்டு முதல் காலடியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். சுருள்வாள் சுற்றும் பையனும் நேற்றுச் சேர்ந்தவனும் ஒரே வரிசையில் அதே காலடியை வைக்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து வரிசை தானாகக் கலைகிறது. தெரிந்தது தீர்ந்துபோனவர்கள் ஒதுங்கி அதையே மறுபடி செய்ய, மற்றவர்கள் தொடர்கிறார்கள். அன்றைக்கு ஏழு வயதுப் பையன் ஒருவன் புதிதாக வந்திருந்தான். வாத்தியார் அவனை ஒன்பது வயதுப் பொடியன் ஒருவனிடம் ஒப்படைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். நல்ல தேர்ந்த பிள்ளைகள் பக்கத்திலேயே இருந்தார்கள். ஏன் அவர்களிடம் விடவில்லை என்று கேட்டேன்.

“பெரியவன்கிட்ட விட்டா ‘இதுகூட வரலியாடா’ம்பான் சார். அவனுக்கு அது எப்ப வந்துச்சுன்னே மறந்துபோயிருக்கும். போன மாசம் வந்தவனுக்குத்தான் இவன் எங்க தடுமாறுவான்னு தெரியும். நான் நாப்பது பேருக்கா சொல்லித் தரேன்? நாலு பேருக்குச் சொல்லித் தரேன். மீதிய அவனுங்க பாத்துக்கறானுங்க.”

இந்த ஏற்பாட்டுக்கு உலகக் கல்வி வரலாற்றில் ஒரு பெயர் இருக்கிறது. மெட்ராஸ் முறை.

ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787-இல் சென்னைக்கு வந்தார். 1789-இல் எழும்பூரில் ராணுவத்தின் ஆண் அநாதைகள் விடுதிப் பள்ளியைக் கண்காணிக்கும் பொறுப்பை ஏற்றார். அங்கிருந்த ஆசிரியர்கள் அவருக்கு ஒத்துவரவில்லை. ஒருநாள் வெளியே போகும்போது ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். காகிதமும் இல்லை, மையும் இல்லை. எழுதி, அழித்து, மறுபடி எழுதுகிறார்கள். பெல் தன் ஆசிரியர்களிடம் இதைச் செய்யச் சொன்னபோது அவர்கள் முகம் சுளித்தார்கள். அப்போது ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனைக் கூப்பிட்டு, அரிச்சுவடி வகுப்பை அவனிடமே ஒப்படைத்தார். ஆசிரியர்களால் முடியாது என்று கைவிரித்ததைச் சிறுவன் செய்துகாட்டினான். பெல் இதைப் பள்ளி முழுவதற்கும் விரித்தார். லண்டன் திரும்பி 1797-இல் இந்தப் பரிசோதனை பற்றிய அறிக்கையை நூலாக வெளியிட்டார். அதே யோசனையை வேறுவிதமாகச் செய்துகொண்டிருந்த ஜோசப் லங்காஸ்டருடன் யார் முதலில் என்ற சண்டை வந்தது. எப்படியோ, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளில் பெரும்பகுதி இந்த இரண்டு முறைகளில் ஒன்றில்தான் எழுத்து கற்றது. பெல் 1832-இல் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் புதைத்தார்கள். பெயர் தெரியாத அந்தத் திண்ணை வாத்தியாரை எங்கே புதைத்தார்களோ, எரித்தார்களோ.

பெல் எடுத்துப்போனதில் ஒன்று விட்டுப்போயிற்று என்று நினைக்கிறேன். திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை உண்டு, ஆனால் இன்றைய பொருளில் வகுப்பு கிடையாது. ஒருவன் மணலில் ‘அ’ எழுதுவான், பக்கத்தில் ஒருவன் எண்சுவடியை நீட்டி முழக்குவான், இன்னொருவன் ஓலையில் எழுத்தாணி பிடித்திருப்பான். எல்லாம் ஒரே திண்ணையில், ஒரே சத்தத்தில். மணலில் எழுதுகிறவன் காதில் எண்சுவடி விழுந்துகொண்டே இருக்கும். தன் முறை வரும்போது பாதி அவனுக்குத் தெரிந்திருக்கும். வாத்தியார் ஒவ்வொருவனையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஒப்பிக்கச் சொல்வார். பெல்லின் பள்ளியில் பிள்ளைகள் தேர்ச்சிப்படி வகுப்புகளாகப் பிரிந்தார்கள். வகுப்புக்குள் கற்பிப்பவன், கற்பவன் என்று ஜோடி சேர்ந்தார்கள். நன்றாகச் சொன்னவன் இடம் மேலே போகும், தடுமாறியவன் கீழே இறங்குவான். சம்பளமில்லாத சிறுவர்களை வைத்து நூற்றுக்கணக்கில் பிள்ளைகளைச் சமாளிக்கும் இயந்திரம் அது. லங்காஸ்டர் அதை ஆயிரம் பேர் வரை கொண்டுபோனார். கூட்டம் பெரிதானால் ஒவ்வொருவரையும் பார்க்க ஆசிரியருக்குக் கண் போதாது. கண்ணுக்குப் பதிலாகத்தான் படிநிலை வருகிறது. என் எக்செல் ஷீட்டும் அந்த வம்சம்தான். என்ன, எனக்கு வந்திருந்தது பதினோரு பேர்.

இனி சீனத்துக்குப் போகலாம். போவதற்கு முன் ஒரு வார்த்தை: காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தான் ஷாவோலின் மடத்தில் சண்டைக்கலையை ஆரம்பித்தார் என்ற கதையை நாம் சினிமா எடுத்தே கொண்டாடிவிட்டோம். சீன வரலாற்றாசிரியர் டாங் ஹாவ் 1930-இல் வெளியிட்ட ஆய்விலேயே அதற்கு ஆதாரமில்லை என்று காட்டிவிட்டார். தாய்ச்சியை சாங் சான்ஃபெங் என்ற தாவோ துறவி உருவாக்கினார் என்ற கதையையும் அதே நூலில்தான் தட்டிவிட்டார். அவர் விசாரித்துப் போய்ச் சேர்ந்த இடம் ஹெனான் மாகாணத்தில் சென் குலத்தார் வாழும் ஒரு கிராமம்.

அந்தக் கிராமத்தில் கலை குடும்பச் சொத்து. அப்பா பிள்ளைக்குச் சொல்லித்தருவார், சித்தப்பா பார்த்துத் திருத்துவார். யார் எந்த நிலை என்று எழுதிவைக்க வேண்டிய தேவையே இல்லை. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அந்த வட்டத்துக்கு வெளியிலிருந்து வந்து சென் சாங்சிங் என்பவரிடம் கற்றவர் யாங் லுசான். 1799-இல் பிறந்தவர். பிறகு பெய்ஜிங் போய் மஞ்சு அரச குடும்பத்தாருக்கும் படையினருக்கும் கற்றுக்கொடுத்தார். அவருடைய படைமுகாம் மாணவர்களில் மூன்று பேர் தேறினார்கள் என்று 1921-இல் வெளிவந்த ஷு யூஷெங்கின் நூல் ஒரு கதை சொல்கிறது. ஒருவருக்கு வன்மை வாய்த்தது, ஒருவருக்கு எதிராளியைத் தூக்கியெறியும் திறன், ஒருவருக்கு வந்த விசையை மென்மையாகக் கரைக்கும் திறன். ஒருவர் தசைநாரைப் பெற்றார், ஒருவர் எலும்பை, ஒருவர் தோலை. எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அடுத்து வருவது. யாங் லுசான் இந்த மூவரையும் தன் மகன் யாங் பான்ஹோவின் சீடர்களாகப் பதிந்துகொள்ளச் சொல்லிவிட்டார். இளவரசர்கள் தனக்குச் சீடர்களாக இருக்கும்போது படைவீரர்களும் அதே வரிசையில் உட்கார முடியாது என்பதுதான் காரணம் என்பார்கள். ஆக அன்றைக்கும் படிநிலை இருந்தது. திறமையை வைத்துப் போடவில்லை, பிறப்பை வைத்துப் போட்டார்கள்.

1911 புரட்சியில் அரச குடும்பம் போயிற்று, இளவரசச் சீடர்களும் போனார்கள். மறு ஆண்டே அதே ஷு யூஷெங் பெய்ஜிங்கில் உடற்கல்வி ஆய்வுக்கான ஒரு சங்கம் தொடங்கினார். யாங் லுசானின் பேரன் யாங் செங்ஃபு, ‘தோலைப் பெற்றவர்’ என்று சொல்லப்பட்ட சுவான் யூவின் மகன் வூ ஜியான்சுவான் இருவரும் அங்கே கற்பித்தார்கள். காசு கட்டி யார் வேண்டுமானாலும் சேரலாம். தாய்ச்சி முதல்முறையாக முன்பின் தெரியாதவர்களின் முன்னால் நின்றது. மாணவர்கள், குமாஸ்தாக்கள், மருந்துச்சீட்டோடு வந்த நோயாளிகள். இன்று நாம் பூங்காக்களில் பார்க்கும், துள்ளலும் கால் உதைத்து மிதிப்பதும் இல்லாத, ஒரே சீரான மெதுவான தாய்ச்சி யாங் செங்ஃபுவின் கையில்தான் இறுதி வடிவம் பெற்றது. 1928-இல் அவர் ஷாங்காய் பக்கம் போனார். மெதுவாக்கியது தத்துவத்துக்காக மட்டும் இருக்காது என்று எனக்கு ஒரு சந்தேகம். பலதரப்பட்ட ஆட்கள் ஒன்றாகச் செய்ய வேண்டுமென்றால் எல்லோராலும் பிடிக்க முடிகிற வேகம் ஒன்றுதான், மெதுவான வேகம்.

அந்த நீண்ட வரிசையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எண்ணும் முறையைப் பொறுத்து 85 என்பார்கள், 103 என்பார்கள், 108 என்பார்கள். செய்து முடிக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். அதில் பாதிக்குமேல் திரும்பத் திரும்ப வருவதுதான். ‘சிட்டின் வாலைப் பிடித்தல்’ என்ற தொகுப்பு வரும், பின்னாலேயே ‘ஒற்றைச் சாட்டை’. இந்த ஜோடி வரிசை நெடுக மறுபடி மறுபடி தலைகாட்டும். ‘மேகக் கைகள்’ மூன்று இடத்தில் வரும். பெங்களூரில் கற்கும்போது எனக்கு இது எரிச்சலாக இருந்தது. எழுதிய ஃபங்ஷனையே பத்து இடத்தில் காப்பி அடித்துவைத்த பழைய கோட் மாதிரி. நானாக இருந்தால் ஒருமுறை எழுதி முடித்திருப்பேன்.

ஆற்றங்கரையில் அந்த நாற்பது பேரைப் பார்த்த பிறகுதான் அந்தக் காப்பி எதற்கென்று உறைத்தது. புதிதாக வந்தவனுக்கு ‘சிட்டின் வாலும்’ ‘ஒற்றைச் சாட்டையும்’ மட்டும்தான் தெரியும் என்று வையுங்கள். இருபது நிமிட வரிசையில் அவன் தொலைந்துபோவான், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கையைக் காலை அசைப்பான், திடீரென்று தெரிந்த இடம் வரும். மூச்சு விடுவான். மறுபடி தொலைவான், மறுபடி கரை தட்டும். ஒரே காலையில் அவனுக்கு அந்த அசைவு பல தடவை கிடைக்கிறது. பத்து வருஷம் செய்தவருக்கும் அதே அசைவு அத்தனை தடவை வருகிறது. அவர் அதில் வேறு எதையோ தேடிக்கொண்டிருப்பார், இடுப்பு திரும்பிய பிறகு கை திரும்புகிறதா என்பதுபோல. தவிர, உயரம் என்று ஒன்று இருக்கிறது. ஒரே வரிசையை நிமிர்ந்து செய்யலாம், நடுத்தரமாகச் செய்யலாம், தொடை எரிய எரியத் தாழ்ந்தும் செய்யலாம். முட்டிவலிக்காரரும் மல்லரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடிக்கலாம். பழைய வரிசைக்குள்ளேயே எல்லா வகுப்புகளும் இருந்தன.

1956-இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். புதிய சீன அரசின் விளையாட்டு ஆணையம், லி தியான்ஜி முதலான நிபுணர்களைக் கொண்டு 24 அசைவுகள் கொண்ட எளிய தாய்ச்சி ஒன்றைத் தொகுத்தது. வானொலியைப் போட்டுவிட்டு தேசம் முழுக்க ஒரே நேரத்தில் உடற்பயிற்சி செய்ய வைப்பது அங்கே 1951-லேயே தொடங்கியிருந்தது. அதே கண்ணோட்டம்தான். ஆனால் செய்தவர்கள் விவரமானவர்கள். பழைய வரிசையில் ‘சிட்டின் வால்’ தொடக்கத்திலேயே வந்துவிடும். மொத்தத்தில் கடினமான தொகுப்புகளில் ஒன்று அது. புதியவன் முதல் வாரமே அதில் முட்டிக்கொள்வான். புதிய வரிசையில் அதை ஏழாவது, எட்டாவது இடத்துக்குத் தள்ளினார்கள். முதலில் ‘காட்டுக்குதிரையின் பிடரியை ஒதுக்குதல்’ மூன்றுமுறை, முன்னோக்கி நடக்கப் பழக. பிறகு ‘குரங்கை விரட்டுதல்’, பின்னோக்கி நடக்க. அதன் பிறகே சிட்டின் வால், அதுவும் பழைய வரிசையில் இல்லாத இடப்பக்கமும் சேர்த்து. பிறகு மேகக் கைகள், பக்கவாட்டில் நடக்க. உடம்பு இப்போது நாலா பக்கமும் நகரப் பழகிவிட்டது. அதற்குப் பின்தான் குதிகால் உதைகள், தரையோடு தாழும் ‘பாம்பு’, அங்கிருந்து எழுந்து ஒற்றைக்காலில் நிற்கும் ‘பொற்சேவல்’. ஊரில் ஒரு காலை விண்ணுக்குத் தூக்கி நிற்கும் உலகளந்த பெருமாளைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் என்பதால் அந்தச் சேவலில் எனக்கு ஒரு தனிப் பிரியம். மொத்தம் ஆறு நிமிடம். பாடத்திட்டம் என்ற முறையில் இதைவிடச் சுத்தமாக ஒன்றை நான் பார்த்ததில்லை.

சுத்தப்படுத்தியதில் திரும்ப வருதல் போய்விட்டது. 24-ஐ ஒரு கூட்டம் சேர்ந்து செய்யும்போது பதினைந்தாவது அசைவு தெரியாதவனுக்குக் கரை தட்டவே தட்டாது. அவனை ஓரமாக நிறுத்தித் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். முடித்துவிட்டவனுக்கு அடுத்து என்ன என்ற கேள்வி வரும். அடுத்து 48 வந்தது. 1980-களின் இறுதியில் போட்டிக்காகப் பல மரபுகளைக் கலந்து 42 வந்தது. 1990-களின் இறுதியில் சீன உஷூவுக்கே ஒன்பது படிகள் கொண்ட தரவரிசை வந்தது. எளிய வரிசை ஒன்றை எழுதியதும் அதன் தலையில் ஏணி முளைக்கத்தான் செய்யும்.

ஏணி என்றால் ஜப்பான்தான். கானோ ஜிகோரோ 1882-இல் ஜூடோவுக்காகக் கொடோகானைத் தொடங்கி, மறு ஆண்டே இரண்டு மாணவர்களுக்கு முதல் ‘தான்’ பட்டம் கொடுத்தார். ‘கோ’ என்ற பலகை விளையாட்டில் ஏற்கெனவே இருந்த முறை அது. கலர் கலராக பெல்ட் பின்னால் ஐரோப்பாவில் பரவியது. அங்கே மாணவர்களுக்குச் சீக்கிரம் சீக்கிரமாக ஏதாவது கையில் கொடுக்க வேண்டியிருந்தது. இன்று நம்மூரில் கராத்தே கிளாஸுக்குப் பிள்ளையை அனுப்பும் எந்த அப்பாவும் முதலில் கேட்பது “எத்தன மாசத்துல எல்லோ பெல்ட்?” என்றுதான்.

இதுவரை படித்தவர்களுக்கு நான் ஏணிக்கு எதிராகவும் திண்ணைக்கு ஆதரவாகவும் கட்சி கட்டுவதாகத் தோன்றியிருக்கும். எனக்கும் கொஞ்சநாள் அப்படித்தான் இருந்தது. சிலம்ப வாத்தியாரிடம் ஒருநாள் இதையெல்லாம் ஆர்வமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“நீ சொல்றது சரிதான் சார். நான் கத்துக்கிட்டதும் அப்படித்தான், எல்லாரும் ஒண்ணா நின்னு. ஆனா அந்த ‘எல்லாரும்’ யாரு? எங்க வாத்தியார் களத்துல பொம்பளப் புள்ள நின்னு நான் பாத்ததில்ல. காலனிப் பசங்க கரை மேல நின்னு வேடிக்க பாப்பானுங்க. கம்பத் தொட விட மாட்டாரு. நல்ல மனுஷன்தான். ஆனா விட மாட்டாரு.”

அவர் சொன்னபிறகு திண்ணையைத் திரும்பிப் பார்த்தேன். 1822-இல் தாமஸ் மன்றோ சென்னை மாகாணம் முழுக்கப் பள்ளிக்கணக்கு எடுக்க உத்தரவிட்டார். எங்கள் ஊர் அப்போது இருந்த தென்னார்க்காடும் அதில் சேர்த்தி. 1826-இல் அவர் தந்த தொகை: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள், ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் மக்களுக்கு. வெள்ளைக்காரன் வருவதற்கு முன் நம்மிடம் கல்வியே இல்லை என்பவர்களுக்கு எதிராக இந்தக் கணக்கைக் காட்டுவோம், காட்டவும் வேண்டும். அதே கணக்கில் பெண்பிள்ளைகள் சில ஆயிரங்களைத் தாண்டவில்லை. தீண்டாமைக்கு ஆளான சாதிகளின் பிள்ளைகள் பெரும்பாலான திண்ணைகளில் ஏறியிருக்கவே முடியாது. சென் கிராமத்தில் குலம், பெய்ஜிங்கில் இளவரசன், இங்கே சாதி. யார் எந்த நிலை என்று வாசலிலேயே முடிவாகிவிட்டதால்தான் உள்ளே அத்தனை இயல்பாகக் கலந்து நிற்க முடிந்தது. 24 அசைவுகளின் ஆறு நிமிடம் என்னதான் தட்டையாக இருந்தாலும், அது யாருடைய குலத்தையும் கேட்கவில்லை. கோடிக்கணக்கானவர்கள் அதன் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள்.

தமிழ்நாட்டு அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு இடஒதுக்கீட்டில் சிலம்பமும் இப்போது இருக்கிறது. 2024 ஜனவரியில் சென்னையில் தொடங்கிய கேலோ இந்தியா விளையாட்டுகளில் சிலம்பத்தை அறிமுக விளையாட்டாக வைத்தார்கள். போட்டி வந்தால் வயதுப் பிரிவு, எடைப் பிரிவு, நடுவர், சான்றிதழ் எல்லாம் வரும். அலங்கார வீச்சுக்கு மதிப்பெண் கூடும், போர்முறையின் நுணுக்கங்கள் கழன்றுகொள்ளும் என்று வாத்தியார் கவலைப்படுகிறார். அவர் களத்தில் இன்று பாதிக்குப் பாதி பெண்பிள்ளைகள். அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் அப்பா மகளை அனுப்ப ஒப்புக்கொண்டது சான்றிதழ் கிடைக்கும் என்றுதான். காலனியிலிருந்து வரும் பிள்ளைகளுக்கும் அதே காகிதம்தான் நுழைவுச் சீட்டு. “காகிதம் இல்லன்னா இவங்க இங்க இல்ல சார். இவங்க இல்லன்னா எனக்கு களம் இல்ல.” அதனால் அவர் சான்றிதழுக்கு ஃபாரம் பூர்த்தி செய்கிறார், களத்தில் பேட்ச் பிரிக்காமல் இருக்கிறார்.

சீனத்திலும் இப்படி இரண்டையும் சேர்த்துப் பிடிக்கப் பார்த்தவர்கள் உண்டு. சென் குலத்தின் பத்தொன்பதாம் தலைமுறை ஆசிரியர் சென் சியாவ்வாங், தாய்ச்சியின் ஐந்து நிலைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். குடும்பத்தின் பழைய சூத்திரங்களை ஒட்டியது அது. அவருடைய அளவுகோலில் எத்தனை அசைவு தெரியும் என்ற கேள்வியே இல்லை. உடம்பில் யாங் எவ்வளவு, யின் எவ்வளவு என்ற விகிதம்தான் கணக்கு. ஒன்பது பங்கு விறைப்பு, ஒரு பங்கு தளர்வு என்றால் முதல் நிலை. எட்டுக்கு இரண்டு, ஏழுக்கு மூன்று என்று போய், ஐந்துக்கு ஐந்தில் முடிகிறது. முதல் நிலைக்காரனுக்கு அவர்கள் சூத்திரம் வைத்திருக்கும் பெயர் கம்பு என்பதை ஒட்டி வருவது. வாத்தியாரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, கம்பு எடுத்தவனும் முதல் ஆறு மாசம் கம்பாகத்தான் நிற்பான் என்றார். இந்த மாதிரி அளவுகோலுக்கு பேட்ச் பிரிக்க முடியாது. ஐந்தாம் நிலைக்காரனும் முதல் நிலைக்காரனும் செய்வது அதே அசைவு.

வேறு வகையில் குறைத்தவர்களும் உண்டு. 1990-களில் அமெரிக்காவின் அட்லாண்டாவில் 70 வயதைக் கடந்த 200 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 108 அசைவுகளை வெறும் 10 ஆகச் சுருக்கி, ஒரு பிரிவினருக்கு 15 வாரம் கற்றுக்கொடுத்தார்கள். திரும்பத் திரும்பக் கீழே விழும் அபாயம் அவர்களுக்கு ஏறக்குறைய 47 சதவீதம் குறைந்தது. பத்தே பத்து. அம்மாவின் மூட்டை நினைத்து இந்த எண்ணை நான் குறித்துவைத்துக்கொண்டேன்.

அக்டோபரில் மறுபடி ஆரம்பித்தோம். ஆறு மணிக்கு ஒரே வகுப்பு. பத்து அசைவுகளை எடுத்தேன். அவற்றை நீண்ட வரிசையின் பாணியில் திரும்பத் திரும்ப வரும்படி கோத்து, இருபது நிமிடத்துக்கு இழுத்தேன். எந்தச் சீன ஆசிரியரும் இதை ஒப்புக்கொள்ளமாட்டார், தெரியும். அம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்த உயரத்தில் செய்தாள். கல்லூரிப் பையன்கள் தொடை நடுங்கத் தாழ்ந்து செய்தார்கள். புதிதாக வருபவரை, கடைசியாக வந்தவரிடம் ஒப்படைத்தேன். எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல மாட்டேன். தலைமையாசிரியர் எல்லோரையும் திருத்திக்கொண்டே இருந்தார். சித்தப்பா அதற்குக் கோபித்துக்கொண்டு ஒரு வாரம் வரவில்லை. தலைமையாசிரியரை வரிசையின் பின்னால் நிறுத்தினேன். பின்னால் இருந்து அவரால் எல்லோரையும் பார்க்க முடிந்தது, இன்னும் அதிகமாகத் திருத்தினார். கடைசியில் எதிர்வீட்டு அக்காதான் “சார், நீங்க முன்னாடி நின்னு செய்யுங்க, நாங்க பாத்துச் செய்றோம்” என்று அவரை முன்னால் அனுப்பினாள். அதன் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் மாடி சின்னது. தண்ணீர்த் தொட்டியும் துணிக்கொடியும் போக பதினோரு பேர் நின்றாலே கை இடிக்கும். டிசம்பரில் பன்னிரண்டாவதாக ஒரு பாட்டி வந்து நின்றபோது, இடமில்லை, அடுத்த மாதம் இரண்டாகப் பிரிக்கலாம் என்று நான் வாயெடுத்தேன். அம்மாவுக்கு எங்கள் ஊர் இடைகழிக் கதை ஞாபகம் வந்துவிட்டது. மழையிருட்டில் பொய்கையாழ்வார் ஒதுங்கிப் படுத்திருந்த இடம். பூதத்தாழ்வார் வந்தார். ஒருவர் படுக்கலாம், இருவர் அமரலாம் என்று பொய்கையார் எழுந்து உட்கார்ந்தார். பேயாழ்வார் வந்ததும் மூவர் நிற்கலாம் என்று மூவரும் எழுந்து நின்றார்கள். அப்புறம்தான் நாலாவதாக ஒருவர் வந்து நெருக்கினார். இந்தக் கதையை அம்மா எனக்கு நூறு தடவை சொல்லியிருப்பாள்.

அன்றைக்குச் சொல்லவில்லை. கொடியை அவிழ்த்துச் சுருட்டித் தொட்டிமேல் போட்டாள். நாற்காலியை ஒரு முழம் நகர்த்தி, “இப்படி என் பக்கத்துல நில்லுங்க, முதல் மூணு எனக்கே இப்பத்தான் வருது” என்றாள் பாட்டியிடம்.